ஒழுகாத படகு

ஜேசுபாதத்தைத் தெரியாதவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் பெருமைக்காரர். தூத்துக்குடிக் கடற்கரையில் அவரைப்போலப் படகு வேலை தெரிந்த தச்சர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதை வாயால் சொல்லித் திரிந்தவர் அவர் ஒருவர்தான். உளியைப் பிடித்தால் வாயும் சேர்ந்து திறந்துகொள்ளும். அவர் துடுப்பு செதுக்கினால்கூட அதற்கு ஒரு கதை இருக்கும். நான் செல்வதுரை, அவரிடம் கலப்பத்து வேலை பார்த்தவன். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசி அடைப்பதுதான் என் வேலை. அந்தப் பெருமையை நாள் முழுக்கக் கேட்டுக் காது புளித்துப்போனாலும் எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

அதனால்தான் அவர் என் அக்கா அற்புதமணியைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது எனக்கு ஒரே சந்தோஷம், ஒரே பயம். அக்கா லேசுப்பட்டவள் இல்லை. ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தாள். ஒருவன் மச்சு வீடு என்று சொன்னான், போய்ப் பார்த்தால் ஓலை வீடு. இன்னொருவன் கொழும்பில் கடை வைத்திருப்பதாகச் சொன்னான், அந்தக் கடையில் பொட்டலம் மடிப்பவன் என்று பிறகு தெரிந்தது.

"ஓலை வீட்டுல என்னம்மா குறைச்சல்? ஓலை வீடுன்னு சொல்லிட்டுப் போவட்டுமே. பொய் சொல்லுத வாய்க்கு என்னால சோறு பொங்கிப் போட முடியாது," என்றாள் அம்மாவிடம்.

ஜேசுபாதத்துக்கு மட்டும் அவள் உடனே மறுப்புச் சொல்லவில்லை. "அவுக வேலையை ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றாள். எங்கள் அப்பா தோணியில் வேலைக்குப் போனவர். கடற்கரையிலேயே வளர்ந்த அவளுக்குப் படகைப் பற்றி யாரும் கதை விட முடியாது.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. காயல்பட்டணத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அந்த ஊர் ஹபீப் காக்கா, பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட ஒரு மோட்டார் படகை எடுத்துவந்து எங்கள் கொட்டகை வாசலில் இறக்கினார். எங்கள் வள்ளங்களுக்கு முன்னும் பின்னும் கூர்மூக்கு. இதற்குப் பின்பக்கம் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருந்தது. அந்தப் பின்பலகையில்தான் இஞ்சினைத் தொங்கவிட வேண்டும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஜேசுபாதம் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். பழைய களியில் இறங்குவதுபோல விரல் உள்ளே போய்விட்டது.

"மழைத்தண்ணி வேலை காக்கா. உப்புத் தண்ணி மரத்தைக் காப்பாத்தும், மழைத்தண்ணி தின்னுரும். இஞ்சின் மாட்டுன ஓட்டை வழியா இறங்கியிருக்கு," என்றார்.

"சரி பண்ண முடியுமா மேஸ்திரி?"

"என் கையில வந்துட்டுல்லா? இனிமே கடலே வந்து கேட்டாலும் ஒரு சொட்டு உள்ள விடாது."

எந்தத் தச்சனும் அப்படிச் சொல்ல மாட்டான்.

வேலையில் குறை சொல்ல முடியாது. சுத்தியலால் தட்டித் தட்டி, சத்தம் மங்கும் இடமெல்லாம் கரியால் கோடு போட்டார். கெட்டது எதையும் விடாமல் அறுத்து எடுத்தோம். அளவு வைத்துப் பார்க்கப் பழைய பலகை முழுசாக இல்லை, கையோடு உதிர்ந்துவிட்டது. ஓலைப்பாயை அந்த இடத்தில் பொருத்தி வெட்டி, அதையே அளவாக வைத்து மூன்று அயினி மரப் பலகைகளை இழைத்தார். மூன்று பலகையும் ஒன்றோடொன்று சேர்ந்து உட்கார்ந்தபோது அவரே கொஞ்ச நேரம் வாயடைத்துப்போய் நின்றார். அது அபூர்வமான காட்சி.

இனி பஞ்சு என் வேலை. எங்கள் கரையில் புதுப்பலகைக்குப் பஞ்சை இலேசாகத்தான் அடிப்போம். பிறகு படகைக் கரையோரத் தண்ணீரில் சில நாள் போட்டுவைப்போம். முதலில் ஒழுகும். மரம் தண்ணீர் குடித்துக் குடித்து ஊதி, இடுக்கைத் தானே அடைத்துக்கொள்ளும். அதன்பிறகுதான் ஆள் ஏறுவது.

ஆனால் இவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டாரைப் படகில் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அண்ணே, இன்னும் தண்ணி குடிக்கலையே. ஒழுகுமே," என்றேன்.

"ஏலே, உங்க அக்கா முன்னாடி ஒழுகுனா நான் மூஞ்சியை எங்கன கொண்டு வைக்க?"

நான் அடித்திருந்த பஞ்சுக்குமேல் அவரே உட்கார்ந்து மறுபடி பஞ்சைத் திணித்தார். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தார். மேலே குங்கிலியத்தையும் இரட்டிப்பாகப் பூசினார். எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மாப்பிள்ளையாகப் போகிறவரிடம் என்னத்தைச் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தோம். அக்கா புதுச்சேலை கட்டியிருந்தாள். முழங்கால் தண்ணீரில் படகு மிதந்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. ஹபீப் காக்கா குனிந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்!" என்றார். ஜேசுபாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

அக்கா படகைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். புதுப்பலகையின் இடுக்கை விரலால் தடவினாள்.

"என்னைக்கு இறக்குனீக மேஸ்திரியாரே?"

"இன்னைக்குக் காலையிலதான்."

"அப்பம் ஏன் ஒழுகல?"

அம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை.

"புதுப்பலகை தண்ணி குடிக்காம ஒழுகாம இருக்குன்னா, பஞ்சை இறுக்கியிருக்கீக. நாளைக்கு மரம் ஊதுனா எங்கன போவும்? ஆணியைப் பிடுங்கிட்டு வெளிய வரும். நடுக்கடல்ல இஞ்சினோட பலகை கழண்டு விழுந்தா காக்கா என்ன செய்வாக? நான் இதுல ஏற மாட்டேன்."

முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது மாப்பிள்ளையும் போச்சு. ஜேசுபாதத்தின் முகம் கறுத்துவிட்டது. பஞ்சு அடித்தது நான்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரே நம்பியிருக்கும். நானும் தலையாட்டியிருப்பேன்.

"தப்புதான்," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். "செல்வதுரை சரியாத்தான் அடிச்சான். நீங்க ஏறுற நேரம் ஒழுகிரக் கூடாதுன்னு நான்தான் மேல மேல திணிச்சேன். காக்கா, மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. வெள்ளை வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, படகின் பின்பக்கத்தைக் கரைக்கு இழுத்தார். கொக்கியை எடுத்து எல்லார் முன்னாலும் குங்கிலியத்தைச் சுரண்டி, இறுகிய பஞ்சைப் பிடுங்கினார். நானும் சேர்ந்து, இலேசாக வேறு பஞ்சு வைத்துக் கொடுத்தேன். முடித்துப் படகைத் தண்ணீரில் தள்ளியதும் பின்பலகையின் இடுக்குகளில் தண்ணீர் கசிந்து, பிறகு அழகாக ஒழுக ஆரம்பித்தது. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

அக்கா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். படகில் ஏறி, பின்பலகைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் காலை நனைத்தது, புதுச்சேலையின் கரையை நனைத்தது. கிடந்த சிரட்டையை எடுத்து இறைக்கத் தொடங்கினாள்.

"என்ன பாத்துட்டு நிக்கீக? ஏறுங்க. ஒரு ஆளு இறைச்சா பத்தாது," என்றாள்.

ஹபீப் காக்காதான் முதலில் சிரித்தார். பிறகு அம்மா சிரித்தாள். ஜேசுபாதம் தாவி ஏறிய வேகத்தில் படகு ஆடி, ஆளுக்கு ஒரு குளியல் ஆனது. இரண்டு பேரும் எதிரும்புதிருமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தண்ணீர் இறைத்தார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் படகையும் தள்ளியதில்லை.

கல்யாணத்துக்கு ஹபீப் காக்கா அந்தப் படகிலேயே வந்து இறங்கினார். அதற்குள் மரம் வயிறாரக் குடித்து, கல்போல இறுகியிருந்தது. அத்தானுடைய பெருமை குறைந்ததா என்று கேட்டால், அதுதான் இல்லை. இப்போதும் யாராவது புதுப்படகோடு வந்து நின்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்:

"ஏலே, இந்தக் கடக்கரையிலேயே என் படகு மாதிரி எவன் படகும் ஒழுகினது கிடையாது. வேணும்னா என் வீட்டுக்காரிகிட்ட கேட்டுப் பாரு."