யாருக்கும் தெரியாமல் கேட்ட வரம்

மூன்றாவது தடவையும் "இல்லை" என்றுதான் பதில் வந்தது. நான் அப்போது வேலையில் இருந்தேன். ஓக்லாந்தின் ரானுயியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பாளர் வேலை. காலை ஏழு மணி ஷிப்ட். நாலு பேரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோய் இருத்திவிட்டு, படுக்கை விரிப்புகள் வைக்கும் அறைக்குள் போய்க் கைபேசியைத் திறந்தேன். மருத்துவப் படிப்புக்கான என் விண்ணப்பத்தை இந்த முறையும் ஏற்க முடியவில்லை என்று நான்கு வரியில் மின்னஞ்சல். போன வருடம் வந்த அதே நான்கு வரிதான்.

அழக்கூடத் தெம்பில்லை. முழங்கால் நொந்தது. விரிப்புக் கட்டின் மேல் இரண்டு நிமிடம் இருந்தேன். பிறகு எழும்பி ஐந்தாவது ஆளைக் குளிப்பாட்டப் போனேன்.

என்னை உங்களில் பலருக்கு நம் அம்மன் கோயில் சமையலறையில் மரக்கறி வெட்டுகிற வதனியாகத் தெரியும். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வயதில், ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு, எனக்கு ஏன் இந்த ஆசை என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டிருக்கிறேன். இல்லத்தில் ஒரு கிழவருடைய கால் வீங்கியிருப்பதை முதலில் கண்டது நான்தான். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை கவனித்தீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் வீங்கியது, மருந்து போட்டதும் ஏன் வற்றியது என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடமாக இப்படித்தான். துணி மடிக்கிறேன், சோறு ஊட்டுகிறேன், உள்ளுக்குள் ஏன், ஏன் என்று ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது.

என்னிடம் விஞ்ஞானப் பட்டம் ஒன்று இருந்தது. அதைப் பட்டம் என்று சொல்ல எனக்கே வாய் கூசும். அகதிகளாக இங்கே நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்த சில வருடங்களில் ஓக்லாந்தில் படித்து எடுத்தது. விரிவுரையில் பாதி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. எல்லாம் அடிமட்டப் புள்ளிகள். இரண்டு பாடம் தோல்வி. அதைத் திரும்பப் படிக்க ஒரு வருடம் கூடுதலாகப் போனது. அந்த வருடத்தைப் பற்றி வீட்டில் ஏதோ ஒரு பொய் சொன்னேன். அப்பா ஊரெல்லாம் லட்டுக் கொடுத்தார். புள்ளிப் பத்திரத்தை நான் சூட்கேசின் அடியில் வைத்துப் பூட்டினேன்.

எங்கள் ஆட்களுடைய பழக்கம் உங்களுக்குத் தெரியும். விசாவுக்குப் போட்டால் சொல்ல மாட்டோம். வீடு பார்த்தால் சொல்ல மாட்டோம். வேலைக்கு இன்டர்வியூ என்றால் முதல் சம்பளம் வந்த பிறகுதான் வாய் திறப்போம். சொன்னால் கண்ணூறு படும், நடக்க இருந்ததும் நடக்காமல் போகும். முதல் முறை விண்ணப்பம் போட்டபோதே என் கணவர் சொல்லிவிட்டார்.

"இஞ்ச பாரும், ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும். கிடைச்சாப் பிறகு எல்லாரும் அறியட்டும்."

அவர் கண்ணூறுக்குப் பயந்தார். நான் கண்ணூறு என்று சொல்லிக்கொண்டு வெட்கத்துக்குப் பயந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன புள்ளி என்பதுதானே. ஆகவே மூன்று வருடமும் வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருந்து, வெறும் வயிற்றோடு ஆட்களைத் தூக்கி இறக்கிவிட்டு, மாலையில் கோயிலுக்கு வந்து ஒரே வரத்தைக் கேட்டேன். அம்மாளாச்சி, ஒருத்தருக்கும் தெரியாமல் இதை எனக்குத் தந்துவிடு.

மூன்றாவது மறுப்புக்குப் பிறகு அவளோடு கோபித்துக்கொண்டேன். பல வெள்ளிகள் கோயில் பக்கமே வரவில்லை. சமையலறைப் பொறுப்பில் இருக்கும் பரமேஸ் அக்கா போன் எடுத்துக் கேட்டபோது சளி, தடிமன் என்று சொன்னேன். அத்தனை கிழமைக்கு யாருக்குத் தடிமன் பிடிக்கும்? உண்மையில் எனக்குக் களைத்துவிட்டது. வேலையில் களைப்பு, விரதத்தில் களைப்பு, எல்லாவற்றையும் விட மறைத்து மறைத்துக் களைப்பு. இனி விண்ணப்பிப்பதில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்.

ஆடிப்பூரத்தன்று வந்தேன். அதுவும் மகள் ஆரணி கேட்டதற்காக. உங்களுக்கு நினைவிருக்கும், அன்றைக்குக் குளிரும் மழையும் சேர்ந்து வந்தது. அப்படியிருந்தும் கோயில் நிறைந்த சனம். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். கடைசித் தடவையாகக் கேட்டுவிட்டு விட்டுவிடுவோம் என்ற நினைப்பு.

ஐயர் தட்டை வாங்கினார். "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

"வதனி. கேட்டை."

"பிறந்தநாளோ பிள்ளை?"

"இல்லை ஐயா. படிப்புக்கு."

"மகளின்ர படிப்புக்கோ?"

"இல்லை ஐயா, என்ர." அவர் புரியாமல் பார்த்தார். கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன். "டொக்டருக்குப் படிக்கப் போட்டனான். மூண்டு தரமும் கிடைக்கேல்ல. மார்க்ஸ் குறைவு."

"மார்க்ஸ் குறைவு" என்று என் குரலே எனக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் கேட்டது. கூட்டம் அதிகம் என்பதற்காக ஐயருடைய சால்வையில் சின்ன மைக் ஒன்றைக் குத்தியிருந்தார்கள். பூசை முடிந்ததும் அதை அணைக்க அவர் மறந்துபோனார். செருப்பு கழற்றி வைக்கும் இடத்தில் நின்றவர்களுக்கும் என் மார்க்ஸ் குறைவு என்பது தெரிந்துவிட்டது.

திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அம்மாளைப் பார்த்தேன். மூன்று வருடமாக ஒருத்தருக்கும் தெரியாமல் தா என்று கேட்டவளுக்கு நீ செய்கிற வேலையா இது என்று நெஞ்சு எரிந்தது. ஐயர் பாவம், முகம் கறுத்து, அர்ச்சனையை இரண்டு மடங்கு நீளமாகச் செய்தார்.

வீட்டுக்கு ஓடியிருப்பேன். ஆரணி பசிக்கிறது என்றாள். அதனால் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய், சுவர்ப் பக்கம் பார்த்த கடைசி மேசையில் இருந்தோம். எதிரே ஒரு பெண் வந்து தட்டை வைத்தாள். என் வயதுதான் இருக்கும். அதற்கு முன் நான் கண்டதில்லை.

"ஏங்க, நீங்கதானே மைக்ல பேசினவங்க?"

"ஓம்." நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தப்பா நினைக்காதீங்க. பழைய டிகிரியை மட்டும் வச்சா அப்ளை பண்ணீங்க?"

"ஓம். வேற என்ன இருக்கு?"

"அது முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினாறு."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அய்யோ, அவ்வளவு பழசுன்னா உள்ளே எடுத்துப் பாத்திருக்கவே மாட்டாங்களே! புதுசா ஒரு வருஷம் ஃபுல் டைம் டிப்ளோமா படிச்சு நல்ல மார்க் எடுத்தா, அதை வச்சுப் போடலாம். யார்கிட்டயும் கேக்கலையா நீங்க?"

"கேக்கேல்ல."

"ஏன்?"

"கண்ணூறு படும் எண்டு."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அவள் பெயர் மீனாட்சி, மதுரைக்காரி. மருந்துக்கடையில் வேலை செய்து, முப்பத்தைந்து வயதில் மருத்துவம் படிக்கப் போனவள். இப்போது ஆஸ்பத்திரியில் டொக்டர். "என் பழைய மார்க்கைப் பாத்தா உங்களுதைக் கோயில்ல வச்சுக் கும்பிடலாம்" என்றாள். அன்றைக்கு அவள் நம் கோயிலுக்கு வந்ததே முதல் தடவை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து களைத்து வந்தவள், ஆடிப்பூர அன்னதானம் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்திருக்கிறாள். "சாமி கும்பிட வரலைங்க, சத்தியமா சாப்பிட வந்தேன்."

விதிமுறை எல்லாம் இணையத்தில் இருந்தது. நானும் வாசித்திருந்தேன். பட்டதாரி என்றால் என் பட்டம் போதும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மூன்று வருடம் மிஞ்சியிருக்கும்.

அடுத்த நாள் எங்கள் ஆட்கள் போகும் சாண்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில் பில் போடுகிற தம்பி, "என்ன டொக்டர் அக்கா, வெங்காயம் காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்டான். பூமி பிளக்கட்டும் என்றிருந்தது. ஆனால் அதே வாரம் பரமேஸ் அக்கா போன் எடுத்தார். தடிமனைப் பற்றி அவர் கேட்கவில்லை. "பிள்ளையை இனி ஸ்கூலால நான் ஏத்துறன். நீர் படிப்பைப் பாரும்" என்றார். வேலையில் என்னோடு நிற்கும் பிலிப்பினோ தோழியிடம் நானே சொன்னேன். தன் சனி, ஞாயிறு ஷிப்டுகளை அவள் எனக்கு விட்டுக்கொடுத்தாள். கணவர் சமைக்கப் பழகினார். அந்த வருடம் நாங்கள் தின்ற புட்டு, பல்லுக்குச் சோதனை.

டிப்ளோமா படித்த அந்த வருடத்தை ஒரு வெற்றிக் கதையாக நான் சொல்லப் போவதில்லை. கஷ்டமாக இருந்தது. கிழமை நாட்களில் வகுப்பு, சனி ஞாயிறு வேலை. மவுண்ட் ஆல்பர்ட் நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூச்சலோடு ரயிலில் ஏறுவார்கள்; அந்தக் கூச்சலுக்கும் எழும்பாமல் தூங்குவேன். இரண்டு தடவை ரானுயியில் இறங்காமல் கடைசி நிலையம் வரை போயிருக்கிறேன். வாசித்தது மனதில் நிற்காது. இருபது வயதுக்காரர் ஒரு தரம் வாசிப்பதை நான் நாலு தரம் வாசித்தேன். ஆனால் விளங்காவிட்டால் கையைத் தூக்கினேன். முதல் தடவை தூக்கியபோது கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன்.

புள்ளிகள் வந்தன. நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அதற்கு என்னைத் தயார் செய்தது நம் கோயில் சமையலறை. மீனாட்சி கேள்விகளை எழுதிக் கொடுத்தாள். பூசணிக்காய் வெட்டிக்கொண்டே பரமேஸ் அக்கா நோயாளி ஆனார்.

"டொக்டர், நான் குளிசை போட மாட்டன். என்ன செய்வீர்?"

மாத்திரை போடாவிட்டால் என்னென்ன வரும் என்று நான் அடுக்கிக்கொண்டு போனேன்.

"பிள்ளை, நீர் என்னை ஏசுறீர். ஏன் போடேல்ல எண்டு முதல் கேளும்."

நேர்முகத்தில் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு கேள்வி. ஒரு அறையில் என் பழைய புள்ளிகளைப் பற்றிக் கேட்டார்கள். யுத்தம், புது நாடு, மொழி என்று பாடமாக்கிய பதில் ஒன்று என்னிடம் இருந்தது. அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. வாய் திறந்தபோது வேறொன்று வந்தது. "எனக்கு விளங்கவில்லை, கேட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்து கேட்காமல் இருந்தேன். அதனால்தான் தோற்றேன். இப்போது கேட்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எதிரில் இருந்த பெண் எழுதிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

பதில் வந்தபோது சாண்ட்ரிங்ஹாம் கடையில் வெந்தயம் வாங்கிக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் இந்த முறை நான்கு வரியில் முடியவில்லை. முதல் வரிக்கு மேல் வாசிக்க முடியாமல் அங்கேயே குரல் விட்டு அழுதேன். பில் போடுகிற தம்பி பயந்துபோனான்.

"என்ன அக்கா, ஆரும் செத்துப் போச்சினமோ?"

"இல்லையடா. டொக்டருக்குக் கிடைச்சிட்டுது." கடை முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன்.

அம்மாளாச்சிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? நான் கேட்ட வரத்தில் பாதியைத்தான் அவள் தந்தாள். ஒருத்தருக்கும் தெரியாமல் என்ற மற்றப் பாதியை அவள் தந்திருந்தால், முதல் பாதி கிடைத்தே இருக்காது. அது விளங்க எனக்கு நாற்பது வயது வேண்டியிருந்தது.

இப்போது மருத்துவத்தில் என் முதல் வருடம். களைப்பு தீரவில்லை, இன்னும் பல வருடத்துக்குத் தீராது. போன மாதம் ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றவும் முடியாமல் சோபாவில் கிடந்தேன். ஆரணி பக்கத்தில் வந்து நின்றாள். பதின்மூன்று வயது, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. கையில் கணக்குச் சோதனைத் தாள் ஒன்று.

"அம்மா, ஐ ஃபெயில்ட் மேத்ஸ். ஐ டோன்ட் அண்டர்ஸ்டான்ட் எனி ஆஃப் இட்."

நான் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து கடிதமும் வரவில்லை. தானாகக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவள் வயதில் நான் அந்தத் தாளை எங்கே ஒளித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைக் கட்டிப் பிடித்து அழுதேன். தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்து அவள் "சாரி, சாரி" என்றாள். அதற்கில்லையடி என்றேன். அம்மாளாச்சி எனக்குத் தந்தது மருத்துவப் படிப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறைக்காமல் சொல்கிற துணிவை அவள் என் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் தந்திருக்கிறாள்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஒன்றை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வெள்ளிக்கு வெள்ளி விரதம் இருக்கலாம். விரதத்தை விட வேண்டாம். அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், நம்புங்கள். ஆனால் பூட்டைத் திறவுங்கள். அவள் உதவியை மனிதர் கையில்தான் கொடுத்தனுப்புகிறாள். நாம் சொன்னால்தானே அவர்கள் நம்மைக் கண்டுபிடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சமையலறையில் இருப்பேன். படிப்போ, நோயோ, வீட்டுப் பிரச்சினையோ, என்னவானாலும் வந்து சொல்லுங்கள். எனக்குத் தெரியாவிட்டால், தெரிந்த ஆளிடம் இருவருமாகப் போய்க் கேட்போம்.