தலை பின்னியது யார்

அம்மாவுக்குத் தலை பின்னிவிட நான் கற்றுக்கொண்டது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். முடக்குவாதம் என்று பெயர் தெரிந்த பிறகும் அவள் விரல்கள் கொஞ்ச காலம் சொன்ன பேச்சைக் கேட்டன. பிறகு ஒரு மழைக்காலத்தில் வலது மணிக்கட்டு வீங்கியது. காலையில் சீப்பைப் பிடித்தால் நழுவி விழுந்தது. மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிப் போட்டு, நுனியில் ரப்பர் பேண்டு. பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. எனக்கு இன்றுவரை நேராக வரவில்லை, இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது.

அம்மா கொழுந்து எடுக்கும் தேயிலை எஸ்டேட்டின் லைனில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பார்த்துவிட்டார்.

"ஏங்கக்கா, மகனை டிகிரி வரைக்கும் படிக்க வெச்சது பியூட்டி பார்லர் தொறக்கத்தானா?"

"ஆமாடி. நீயும் வந்து ஒக்காரு, உனக்கும் ஒரு பின்னல் போடச் சொல்றேன்."

"ஐயோ வேணாம். உங்க பின்னலைப் பாத்தா கொண்டை ஊசி வளைவு மாதிரி இருக்குது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துத் திரும்பிய அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இனிமே கதவைச் சாத்திட்டுப் பின்னுடா."

நான் வேலை பார்ப்பது குன்னூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் மூட்டுநோய்ப் பிரிவில். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் லைனில் பாதிப் பேருக்கு நான் டாக்டர் மாதிரி. மீதிப் பேர் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அங்கே கொடுக்கும் சிகிச்சை ஒழுங்காக இருக்கிறதா என்று அளப்பதுதான் என் வேலை. ரத்தப் பரிசோதனைக்கு நேரத்துக்கு வருகிறார்களா, மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறார்களா, வீக்கமும் வலியும் அடங்கியிருக்கின்றனவா. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி மாதக் கடைசியில் ஒரு கோடாக இழுத்துக் கொடுக்க வேண்டும். கோடு மேலே ஏறினால் நல்லது.

ஆரம்பத்தில் அது நன்றாகவே ஏறியது. இந்த நோய்க்கு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு. அதைத் தினமும் போட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணாக வந்து நிற்பவர்கள் அடிக்கடி இருந்தார்கள். அதற்கு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை என்று பெயர் வைத்தோம். எஸ்டேட் லீவு நாள் யாருக்கும் மறக்காதல்லவா. அந்தத் தவறு ஏறக்குறைய நின்றே போனது. அன்று எனக்கு இருந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் யாரோ வேறொருவனுடையது போலிருக்கிறது.

டாக்டரம்மா வாரம் ஒருநாள் கோயமுத்தூரிலிருந்து ஏறி வருவார். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்து, இறங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் மாலை வரை எழ மாட்டார். ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். மூட்டு மூட்டாக அழுத்திப் பார்ப்பார். வீக்கத்தை அவர் பார்த்துக்கொள்வார். வலியை வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பு வராந்தாவில் சிஸ்டர் கேள்விகள் கேட்பார். பக்கத்திலுள்ள வெலிங்டன்காரர், கணவருக்கு ராணுவ அலுவலகத்தில் வேலை, பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். எங்கோ வெளிநாட்டில் எழுதி, எங்கோ தமிழாக்கிய கேள்விகள் அவை. பொத்தான் போட முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா.

"காரா?" என்பார்கள். "அதுல எங்கங்க சிஸ்டர் ஏறுறது?"

"பஸ்ஸுன்னு நெனச்சுக்கங்க."

"பஸ்ஸுல ஏறாம எப்புடிங்க இங்க வந்தேன்? பறந்தா வந்தேன்?"

சிரிப்பார்கள். முடியுதுங்க என்பார்கள். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். அங்கே வேலை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டாரைத் தாங்களே கேட்கக்கூடாது என்பதால் அம்மாவையும் சிஸ்டர்தான் கேட்டார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"பொத்தான் போட முடியுதுங்களாம்மா?"

"முடியுது."

"தலை சீவ?"

"முடியுதுங்க."

அவள் ஸ்வெட்டரின் பொத்தான்களை அன்று காலை நான்தான் போட்டுவிட்டிருந்தேன். மேலிருந்து இரண்டாவதைத் தவறான ஓட்டையில் மாட்டியிருந்தது கூட எனக்கு அங்கிருந்து தெரிந்தது.

டாக்டரம்மா அழுத்தியபோதும் வலியில்லை என்றாள். கிளம்புமுன் வலி மாத்திரை போட்டிருந்தாள், அது வீக்கத்தையும் கொஞ்சம் அமுக்கியிருந்தது. பஸ்ஸில் நிற்க அது வேண்டும். எஸ்டேட்டிலிருந்து வரும் எல்லாருமே அப்படித்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நோய் குறைந்து தெரிகிற ஒரே நேரம், அவர்கள் எங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏன்மா அப்படிச் சொன்ன?"

"வேற எப்படிச் சொல்லணும்?"

"முடியலைன்னு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பன்னெண்டாம் நம்பர் வீட்டுக்காரி முடியலைன்னு சொன்னா. என்ன ஆச்சு?"

எனக்குத் தெரியும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் அவரிடமும் இப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். குனிய முடியுமா, தூக்க முடியுமா. முடியாது என்றார். அன்ஃபிட் என்று எழுதினார்கள். வேலை போனது. வீடு வேலையோடு ஒட்டியது, அதுவும் போனது. இப்போது திருப்பூரில் மகள் வீட்டின் ஒரு மூலையில் இருக்கிறார்.

"நாங்க எஸ்டேட்டுக்குச் சொல்ல மாட்டோம்மா. ஆஸ்பத்திரி வேற, எஸ்டேட் வேற."

"எழுதுனது எங்கிட்டாச்சும் போகும்டா. உனக்கு என்ன தெரியும்?"

சின்னக் குழந்தையாகச் சிலோனிலிருந்து தூக்கி வரப்பட்டவள். அவளுடைய அப்பா அம்மா குடியுரிமைக்கென்று எழுதிக் கொடுத்த தாள்கள் அவர்களை எங்கெங்கோ இறக்கிவிட்ட கதையைக் கேட்டே அவள் வளர்ந்தாள். என் சம்பளத்தில் குன்னூரில் ஓர் அறை பிடிக்கலாம். அதைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. ஓய்வுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது, அதுவரைக்கும் என் வீட்டில் இருக்கிறேன் என்றாள். அவள் அந்த லைன் வீட்டை என் வீடு என்று சொன்னது அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா இறந்த பிறகு அதை விடாமல் பிடித்து வைத்திருந்தது அவளுடைய இரண்டு கைகள்தான் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

சில மாதம் போனது. என் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. முக்கால்வாசிப் பேருக்கு நோய் அடங்கிவிட்டது என்று காட்டியது. நிர்வாகத்திலிருந்து பாராட்டி ஒரு வரி வந்தது. நோய் தொடர்ந்து அடங்கியிருந்தால் மாத்திரையை மெல்லக் குறைக்க வேண்டும் என்பது முறை. ஈரலுக்குப் பாரம் குறையும். டாக்டரம்மா குறைக்க வேண்டியவர்களின் பெயர்களை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதில் அம்மா பெயர் இருந்தது.

டீ இடைவேளையில் அவர் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தார். "இது உங்க அம்மாதானே? வீட்ல எப்படி இருக்காங்க? நிஜமா நல்லா இருக்காங்களா?"

அதோடு முடித்திருக்கலாம். இல்லை மேடம், அத்தனையும் பொய் என்று சொல்லியிருந்தால் அம்மாவின் மாத்திரை தப்பியிருக்கும். மற்றவர்களுடையது? கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியத்தை அவளைக் கேட்காமல் வெளியே கொண்டு வரவும் வாய் வரவில்லை.

"அவங்ககிட்டயே கேக்கலாம் மேடம். ஆனா கேள்வியை மாத்திக் கேக்கணும்."

"இந்தக் கேள்வி உலகம் முழுக்கக் கேக்கிறது தம்பி."

"உலகம் முழுக்க எஸ்டேட் இல்லைங்களே மேடம். முடியுமான்னு கேட்டா இவங்க வேலைக்கு ஆவாங்களான்னு கேக்கிற மாதிரி இருக்கு. முடியாதுன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

அவர் எலுமிச்சம்பழத்தை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். "என்ன கேக்கலாம்?"

"நேத்து யார் செஞ்சாங்கன்னு கேக்கலாம்."

பழைய கேள்விகளை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. பக்கத்திலேயே இதையும் கேளுங்கள் என்றார். வரும் வாரங்களில் மாத்திரை குறைப்பதையும் நிறுத்தி வைத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சிஸ்டர் கதை பேசுவது போலக் கேட்க ஆரம்பித்தார். நேத்து உங்க ஊட்டுல சோறு வடிச்சது யாருங்க? துணி பிழிஞ்சது யாருங்க? இன்னிக்குத் தலை பின்னி விட்டது யாருங்க?

பிக்கட்டியிலிருந்து வரும் பெண், காரட் கழுவுகிற வேலை, எல்லாம் முடியுதுங்க என்று எப்போதும் சொல்பவர், யோசிக்காமல் சொன்னார். "மருமவதான். எல்லாம் அவதான். நல்ல புள்ளைங்க." கட்டபெட்டுப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் பெரியவர், "எங்கூட்டுக்காரிதான் சட்டை மாட்டி விடுவா. மாட்டும்போதே திட்டுவா" என்றார். முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டவர்கள் செய்து கொடுத்தவர்களைப் புகழவும் குறை சொல்லவும் கூச்சப்படவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். டாக்டரம்மா அவர்களை மறுபடி அழைத்து, வலி மாத்திரை போடாத நாளில் வரச் சொல்லி, மறுபடி அழுத்திப் பார்த்தார். பலருக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டியிருந்தது.

என் கோடு சரிந்தது. நன்றாகவே சரிந்தது. நிர்வாகி கூப்பிட்டார்.

"என்னப்பா இது? போன தடவை வரைக்கும் நல்லா இருந்துச்சே."

"நோய் கூடலைங்க சார். இப்பத்தான் சரியா அளக்கிறோம்."

"அப்ப இத்தனை நாளா தப்பா அளந்தியா?"

கேள்விதான் தப்பு என்று பதில் சொன்னேன். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அது சாக்கு மாதிரி எனக்கே கேட்டது. அந்த மாதங்களில் வேலை முடிந்து பஸ் ஏறினால் லைனுக்கு வருமுன்பே தூங்கிவிடுவேன். காலையில் எழுந்து கதவைச் சாத்திவிட்டுச் சீப்பை எடுப்பேன்.

அம்மாவின் முறை வந்தது. கேள்வி மாறியதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 'நானேதான் பின்னினேன்' என்றும் அவள் சொல்லலாம். சொன்னால் வீக்கம் இருந்தும் அந்தக் குறைப்புப் பட்டியலில்தான் நிற்பாள். விரல்கள் ஒரு முறை கோணிவிட்டால் எந்த மாத்திரையும் நிமிர்த்தாது என்று எனக்குத் தெரியும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். என்ன தட்டினேன் என்று தெரியாது.

சிஸ்டர் பழைய கேள்விகளை முடித்தார். முடியுது, முடியுது, முடியுதுங்க. பிறகு, "இன்னிக்குத் தலை யாருங்கம்மா பின்னி விட்டது?"

அம்மா மடியிலிருந்த பையை நகர்த்தி வைத்தாள்.

"ஏனுங்கம்மா, நீங்களே பின்னுனதுங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அவள் கை தானாகப் பின்னலுக்குப் போய் நுனி வரை தடவியது. சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பொம்பளை பின்னுன மாதிரி தெரியலைங்க."

"பொம்பளை எங்க?" என்றாள் அம்மா. "அந்தா ஒக்காந்திருக்கானே, அவன்தான். எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் நேரா வரமாட்டேங்குது."

வராந்தாவில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "பொத்தான்?" என்று மெதுவாகக் கேட்டார். "அதுவும் அவன்தான்" என்றாள் அம்மா.

உள்ளே டாக்டரம்மா நேரம் எடுத்துப் பார்த்தார். மாத்திரையைக் குறைக்கவில்லை, இன்னொன்றைச் சேர்த்தார். கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை எழுதினார். இலை வெட்டும் கத்தரியைப் பிடிக்கவே கூடாது, நர்சரியிலோ வேறெங்கோ லேசான வேலை கொடுக்கச் சொல்லி எஸ்டேட்டுக்கு ஒரு கடிதம் தருகிறேன் என்றார்.

"மாத்திரை குடுங்கம்மா, சாப்பிட்டுக்கிறேன். பட்டையும் கட்டிக்கிறேன். கடுதாசி வேண்டாம்."

"கத்தரி பிடிச்சா மாத்திரை பாதிதான் வேலை செய்யும்."

"பாதி வேலை செய்யட்டும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எங்கள் கணக்கில் இதை ஏற்ற ஒரு கட்டமும் இல்லை. வலியைச் சொல்ல வைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். சொன்ன பிறகு அவளை அந்த வீட்டில் இருக்க வைக்க வழி என்னிடம் இல்லை, அந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மா கேட்டாள். "அந்தக் கேள்வி நீ எழுதுனதா?"

"ஆமாம்மா."

"நெனச்சேன். அவங்களுக்கு எங்க தோணும்?" கோபமா என்று தெரியவில்லை. மாத்திரைப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "எத்தனை பேரு சொன்னாங்க?" என்றாள்.

"நெறையப் பேரு."

"எங்க லைன்லயுமா?"

அதைச் சொல்லக்கூடாது என்றேன். சரி என்றாள். பிறகு, "பக்கத்து வீட்டுக்காரியும் வருவா. அவளுக்கும் முட்டி வீங்கித்தான் கெடக்கு" என்றாள்.

மறுநாள் மழை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரம் நெருங்கிவிட்டது. கதவைச் சாத்தப் போனேன். "கெடக்கட்டும் விடு, இருட்டா இருக்கு, உனக்கு ஒழுங்காத் தெரியாது" என்றாள். வாசலில் பக்கத்து வீட்டு அக்கா பல் விளக்கிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டு வாயைக் கொப்பளித்தார். அம்மா பட்டையைக் கையில் கட்டி, அதன் மேல் பழைய சாக்ஸை இழுத்துவிட்டு மறைத்தாள்.

"நல்லா இறுக்கிப் பின்னு. கொழுந்துப் பை வாரு தலையில நிக்க மாட்டேங்குது, வழுக்குது."

இறுக்கினேன். இந்த முறையும் இடது பக்கம்தான் போனது.