வெந்நீர்ப் பைக்கு ஏப்ரலில்தான் முறை

எனக்குப் பதினாலு வயதில், மாதாமாதம் வரும் என் வயிற்றுவலிக்கு அம்மா ஒரு ஃபைல் திறந்தாள். நிஜமாகவே அட்டை போட்ட ஃபைல். அம்மா மத்திய சர்க்கார் கிளார்க். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் பால் திரிந்தால்கூட விசாரணை நடக்கும்.

டிஸ்பென்சரி டாக்டரம்மா சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, தாங்காவிட்டால் மாத்திரை தரலாம் என்றார். மாத்திரை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. விஷயத்தை அலுவலகப் புல்வெளிக்குக் கொண்டுபோனாள். தில்லிக் குளிரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னும் இடம் அது. வேர்க்கடலையோடு என் வயிற்றுவலியையும் உரித்தார்கள். பஞ்சாபி ஆன்ட்டி ஓமத் தண்ணீர் என்றார். மலையாளி ஆன்ட்டி யோகாசனம் என்றார். மூச்சுப் பயிற்சி, வெந்நீர்ப் பை என்று ஆளுக்கொன்று வந்தது. நான் முகம்கூடப் பார்த்திராத நாலு பேருக்கு என் தேதி தெரிந்துபோனது. என் மானம் கப்பலேறிவிட்டது.

அம்மா மாதத்துக்கு ஒன்று என்று வரிசை போட்டாள். "எல்லாத்தையும் ஒண்ணாப் பண்ணினா எது கேட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

டிசம்பரில் ஓமத் தண்ணீர். வலி கொஞ்சம் குறைந்தது, வாய் மூன்று நாள் கசந்தது. ஜனவரியில் ஆசனம். நெற்றி தரையில் பட நான் மடங்கிக் கிடந்தபோது தயிர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி, நான் எதையோ தொலைத்துவிட்டதாக நினைத்துத் தானும் குனிந்து கட்டிலுக்கடியில் தேடினார். மூச்சு பழக நாளாகும் என்று பிப்ரவரி, மார்ச் இரண்டும் மூச்சுப் பயிற்சிக்கு. வெந்நீர்ப் பைக்கு ஏப்ரல். தில்லி வெயிலில், ஏப்ரலில்!

மார்ச்சில் ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை. அரையாண்டில் கணக்கில் கோட்டைவிட்டிருந்தேன், இதிலும் போனால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். கணக்குப் பரீட்சையன்று விடிந்ததும் வலி வந்துவிட்டது. "மூச்சை இழுத்து விடு. ஜல்தி!" என்று சொல்லிவிட்டு அம்மா ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடினாள். இழுத்தேன், விட்டேன். வலி விடவில்லை. சுருண்டு படுத்து அழுதேன்.

இந்தப் பேச்சு வந்தாலே பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அப்பா எழுந்து வந்தார். தன் முதுகுவலிக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"இந்தா. அவுட் ஆஃப் டர்ன்."

வரிசையைத் தாண்டிக் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் சர்க்காரில் அப்படித்தான் சொல்வார்கள். அரைமணி நேரம் வயிற்றில் வைத்துப் படுத்தேன். ஓமத் தண்ணீரும் போட்டுக் கொடுத்தார். ஆசனமும் செய்துவிட்டு, பள்ளிக்கு அவரோடு மெதுவாக நடந்தே போனேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத முடிந்தது.

சாயங்காலம் அம்மா கொதித்தாள். "எல்லாத்தையும் கலந்துட்டீங்களே! இப்போ நான் எதை எழுதறது?" அப்பா பேப்பருக்குள் போய்விட்டார்.

அம்மா புடவைகூட மாற்றாமல் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். பையை நிரப்பினாள். எனக்குத்தான் என்று கை நீட்டினேன். தரவில்லை. கட்டிலில் படுத்துத் தன் அடிவயிற்றில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"உனக்கும் வலிக்குமாம்மா?"

"எப்பவும்தான். முதல்ல உன்னோடது சரியாகட்டும்னு இருந்தேன்."

பதினாலு வருஷத்தில் நான் அவளிடம் அதைக் கேட்டது அன்றுதான். வெட்கமாக இருந்தது.