இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர்

கருத்தக்கண்ணனை எடை போட்டது ஒரு நெல் மில்லில். மதுரையில் டாக்டர் வைத்திருந்த எடை மெஷினில் முள் கடைசி எண்வரை ஓடி நின்றுவிட்டது. ஊரில் எங்காவது நிறுத்துப் பார்த்துச் சொல்லும்படி டாக்டரே அனுப்பியிருந்தார். மூடை நிறுக்கும் தராசுத் தட்டில் கருத்தக்கண்ணன் ஏறி நின்றார். மில்காரர் எதிர்த்தட்டில் படிக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே, "அண்ணே, ரெண்டு மூடைக்குக் கொஞ்சந்தான் கொறச்சல். தவிட்டக் கழிச்சா எம்புட்டு வரும்னு பாத்துருவமா?" என்றார்.

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். கருத்தக்கண்ணனும் சிரித்தார். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை கூட வந்த மனைவி முத்துத்தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அது 1984ஆம் ஆண்டு. அவருக்கு நாற்பத்தாறு வயது. அலங்காநல்லூருக்கு மேற்கே ஓர் ஊரில் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் போட்டிருந்தார். அந்த வட்டாரத்தில் அவரைத் தெரிந்துவைத்திருந்தது விவசாயத்துக்காக அல்ல. அண்ணன் தம்பி பாகம் பிரிக்க வேண்டுமா, முறிந்துபோன சம்பந்தத்தை ஒட்டவைக்க வேண்டுமா, வரப்பை நகர்த்தியவனை அழைத்துப் பேச வேண்டுமா, கருத்தக்கண்ணனுக்கு ஆள் போகும். இதற்குக் கூலி கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்த அன்றே, பேசி முடித்தவர் இரண்டு தரப்பு வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டை அவர் தாழ்வாக நினைக்கிறார் என்று பொருள். பேசிய பேச்சும் அன்றோடு போயிற்று. ஆக, ஒரு தகராறுக்கு இரண்டு சாப்பாடு. தகராறுகளுக்கோ அந்தப் பக்கம் பஞ்சம் வந்ததே இல்லை.

அவரைப் பெரிய நியாயவான் என்று சொல்லிவிட மாட்டேன். வாயுள்ளவன் பக்கம் அவர் கொஞ்சம் சாய்ந்துவிட்டார் என்ற பேச்சு சில விவகாரங்களில் உண்டு. ஆனால் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி சாப்பிட்டார் என்பதை அவரைப் பிடிக்காதவர்கள்கூட ஒப்புக்கொண்டார்கள். சாப்பாட்டின் மேல் அவருக்கு ஆசையும் இருந்தது. ஊருக்காகத்தான் தின்றேன் என்று அவர் சொல்லியிருந்தால் அது பாதி உண்மை. மனிதர்கள் தங்கள் ஆசைகளுக்குக் கடமை என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு அந்த ஆசையை யாரும் கேள்வி கேட்க முடிவதில்லை, அவர்கள் உட்பட.

அந்த வருடம் சித்திரையில் ஒரு பாகப்பிரிவினைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கருத்தக்கண்ணன் பேசிக்கொண்டிருந்தார். பேசிய வாக்கியத்தை முடிக்காமலே தூங்கிவிட்டார். குறட்டை வந்தது, திடீரென்று குறட்டையும் மூச்சும் நின்றன, பிறகு திணறிக்கொண்டு விழித்தார். விவகாரக்காரர்கள் அவமானமாக எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். முத்துத்தாய் மறுநாளே அவரை மதுரைக்குப் பஸ் ஏற்றினாள்.

டாக்டர் விஸ்வேஸ்வரன் சீமையில் படித்துவிட்டு வந்து தல்லாகுளம் பக்கம் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டிருந்தார். எடை தெரிந்த பிறகு அவர் முத்துத்தாயிடம்தான் கேட்டார்.

"வீட்ல ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவார்?"

"வீட்ல எங்க டாக்டர் சாப்புடுறாக? ராத்திரி மோரக் குடிச்சுட்டுப் படுத்துருவாக."

டாக்டர் கருத்தக்கண்ணன் பக்கம் திரும்பினார். "அப்ப இது மோர்ல வந்த உடம்பா?"

"ஊருச் சோறு சார்," என்றார் கருத்தக்கண்ணன்.

டாக்டர் காகிதத்தில் இரைப்பையைப் படமாகப் போட்டுக் காட்டினார். மேலே சின்னதாக ஒரு பை அளவுக்கு இடம் விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சோறு போகாதபடி தைத்து அடைப்பது. "அதுக்கப்புறம் ஒரு தடவைக்கு ஒரு பிடி. மீறினா வாந்திதான். ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, ஆயுசுக்கும்."

"செய்யாம விட்டா?"

"சுகர் இருக்கு. பிரஷர் இருக்கு. தூக்கத்துல மூச்சு நிக்குது. நாள் குறிச்சுச் சொல்ல நான் ஜோசியன் இல்ல. ஆனா நல்லா இருக்காது."

"செஞ்சா?"

"அதுலயும் ஆபத்து இருக்கு. மயக்க மருந்து உங்க உடம்புக்கு லேசான விஷயம் இல்ல. தையல் விட்டா உயிருக்கே வந்துரும். இங்க இது புதுசு. நான் செஞ்சது கொஞ்சப் பேருக்குத்தான். அவங்க நல்லா இருக்காங்க. உங்களுக்கும் அப்படியேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்." பிறகு சொன்னார்: "எதுக்கும் கொஞ்சம் எடையக் குறைச்சுட்டு வாங்க. ஒரு வேளைக்கு ஒரு பிடின்னு இப்பவே பழகிப் பாருங்க. முடிவ நீங்க சொல்லுங்க. வெட்டுறதோட என் வேலை முடிஞ்சிரும், அதுக்கப்புறம் வாழப்போறது நீங்க."

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். முத்துத்தாய் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செஞ்சுக்கிருவோம்," என்றாள்.

"ஒரு பிடி சோத்துக்கு மேல திங்க மாட்டாதவன எவன்டி பேச்சுக்குக் கூப்புடுவான்?"

"உசுரு இல்லாதவனத்தான் தேடி வந்து கூப்புடுவாகளாக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வெட்டுக்குப் பயந்தார், சாவுக்கும் பயந்தார். ஆனால் அவரை அதிகமாகத் தொந்தரவு செய்தது வேறு. பட்டினியால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனைப் பார்த்து ஊர் இரக்கப்படும். தின்றதால் போகிறவனைப் பார்த்துச் சிரிக்கும். சிரிப்புக்கு ஆளானவன் நடுவில் உட்கார்ந்து பேச முடியுமா?

வீட்டில் ஒரு பிடியோடு நிறுத்துவது அவருக்குச் சிரமமாக இல்லை. இடுப்பில் வேட்டி கொஞ்சம் தளர்ந்தது. கத்தி இல்லாமலே முடிந்துவிடும் போலிருக்கிறது என்று முத்துத்தாயிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊரிலிருந்து நல்லகாமன் ஆள் அனுப்பினார்.

நல்லகாமனுக்கும் அவர் தம்பி சின்னச்சாமிக்கும் சேர்ந்து ஒரே கிணறு, ஒரே மோட்டார். மழை இல்லாத காலம். யார் எப்போது மோட்டார் போடுவது என்பதில் மண்வெட்டியைத் தூக்கும் அளவுக்கு வந்திருந்தது. கருத்தக்கண்ணன் காலையிலிருந்து பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். அண்ணனுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள். கரண்டு போனால், போன நேரத்தை அடுத்தவன் முறையில் கேட்டு வாங்கிக்கொள்வது. இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

மூத்தவர் வீட்டில் முதலில் இலை போட்டார்கள். கோழி அடித்திருந்தார்கள். கருத்தக்கண்ணன் ஒரு பிடி தின்று கையை நிறுத்தினார்.

"என்ன மாப்ள, புதுப்பொண்ணு கணக்காக் கொறிக்கிறீக?" என்றார் நல்லகாமன். "தண்ணியத்தான் எனக்குக் கொறச்சுட்டீக, பேசாம இருந்துட்டேன். நான் போடுற சோத்தையுமா கொறைப்பீக?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு குறை இருந்தது. அதைக் கருத்தக்கண்ணன் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறார். கை தானாக இலைக்குப் போனது. மூன்று தடவை சோறு வாங்கினார். அவர் தின்னத் தின்ன நல்லகாமனின் முகம் தெளிந்தது.

தம்பி வீட்டுக்கு நடக்கும்போது மூச்சு வாங்கியது. டாக்டர் படத்தில் போட்ட சின்னப் பை நினைவுக்கு வந்தது. தன் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைச் சரியான இடத்தில் காட்டவில்லை. சின்னச்சாமியின் மனைவி செல்லத்தாய் பரிமாறிய சோற்றில் ஒரு பிடியைத் தொட்டுத் தின்றுவிட்டு இலையை மடக்கினார்.

"இன்னும் கொழம்பே ஊத்தலயேண்ணே," என்றாள் செல்லத்தாய், சட்டியோடு நின்றபடி.

"வயிறு சரியில்ல தங்கச்சி."

மறுநாள் நல்லகாமனின் முறை. அவர் போய் மோட்டாரைப் போட்டபோது ஓடவில்லை. சின்னச்சாமி ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து பியூஸ் கட்டையைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் கருத்தக்கண்ணனுக்கு ஆள் போனது. அவர் வந்து சேர்ந்தபோது அண்ணன் வாய்க்கால் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். தம்பி மடியைப் பிடித்தபடி வாசலிலேயே இருந்தார்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்," என்றார் சின்னச்சாமி. "எங்கண்ணன் வீட்ல ஒங்க வயிறு நல்லா இருந்துச்சு. மூணு தடவ வாங்குனீக. அங்கேருந்து எங்க வீடு நாலு எட்டு. அதுக்குள்ள கெட்டுப்போச்சா?"

"அப்ப எங்க வீட்டுச் சோத்துலதான் கெட்டுச்சுங்கிறியாடா?" என்றார் நல்லகாமன்.

"நான் ஒன்னையக் கேக்கல. சோத்தையே இப்படிப் பிரிச்சவரு தண்ணிய எப்படிப் பிரிச்சிருப்பாரு? அதச் சொல்லச் சொல்லு."

மற்றவர்களின் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே கருத்தக்கண்ணனுக்கு எப்போதும் ஒரு வார்த்தை கிடைத்துவிடும். குற்றம் தன் மேல் வந்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்தார். உட்காரவே சிறிது நேரம் ஆனது. பிறகு சொன்னார்: டாக்டர், எடை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, வயிற்றைத் தைப்பது, ஒரு பிடி. முதல் வீட்டில் மனசு இளகித் தின்றதையும், அந்த எரிச்சலில் இரண்டாம் வீட்டில் மறுத்ததையும் ஒளிக்காமல் சொன்னார்.

நல்லகாமன்தான் முதலில் சிரித்தார். "திங்கிறதுக்குக் காசு குடுக்கிறதப் பாத்திருக்கேன். திங்காம இருக்கிறதுக்குமா மாப்ள காசு குடுக்கணும்?"

புல்லுக்கட்டோடு வந்து நின்றிருந்த செல்லத்தாய் கட்டைக் கீழே போட்டாள். "அவுக உசுரு போகுதுங்கிறாக, ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா மாமா? மூணு தடவ அள்ளி வச்சது நீங்கதான?" பிறகு கருத்தக்கண்ணனைப் பார்த்து, "நேத்தே சொல்லியிருக்கலாம்லண்ணே. நீங்க கொறச்சுத் தின்னீகன்னா எங்களுக்குக் கோவம்? அங்க தின்னுட்டு இங்க கொறச்சதுதான் கோவம். ரெண்டு வீட்லயும் ஒரு வாய் தின்னுருந்தா நாங்க ஏன் பேசப்போறோம்?" என்றாள்.

சின்னச்சாமி மடியை அவிழ்த்துக் கட்டையை எடுத்தார். அண்ணன் கையில் கொடுக்கவில்லை. தானே உள்ளே போய் மாட்டினார். "இன்னைக்கு அவரு மொறை," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தன் வயலைப் பார்க்க நடந்தார்.

அன்று வீட்டில் முத்துத்தாய் எல்லாவற்றையும் கேட்டாள். வெட்டச் சொல்லி வற்புறுத்தியவளுக்கு இப்போது பயம் வந்திருந்தது.

"அதான் ஊருக்கே சொல்லியாச்சே. இனிமே யாரும் கோவிச்சுக்கிற மாட்டாக. பிடிச்சோறு போதும்னு நீங்களா இருந்துக்கிட்டா எதுக்குக் கத்தி?"

"நானா இருந்துக்கிற முடியாது முத்துத்தாயி. நேத்துப் பாத்தேன்ல. நல்லகாமன் ஒரு வார்த்தை சொன்னாரு, மூணு தடவ வாங்குனேன். நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு வார்த்தை சொல்லுவான். நானாக் கொறச்சா ஒரு வீட்ல கூடும், ஒரு வீட்ல கொறையும். தைச்சுட்டா அந்த வயித்துக்கு மாமன் தெரியாது, மச்சான் தெரியாது."

"தைச்சு எந்திரிக்கலைன்னா?"

"எந்திரிக்கலைன்னா எந்திரிக்கல. இப்ப மட்டும் தெனமும் காலையில எந்திரிப்பேன்னு நம்பியா நீ படுக்கிற?"

இரவுகளில் அவர் மூச்சு நிற்கும்போது தோளை உலுக்குவது அவள்தான்.

வயிற்றை மனதால் அடக்கினால் ஒழுக்கம் என்கிறோம், கத்தியால் அடக்கினால் பலவீனம் என்கிறோம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தன் மனம் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று சரியாகத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தை முன்கூட்டியே அடைத்துவிடத் துணிகிறவனைப் பலவீனன் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கருத்தக்கண்ணன் அப்படியெல்லாம் யோசித்திருக்க மாட்டார். அவர் தன்னை ஒரு விவகாரக்காரனாக வைத்து ஒரு முறை பேசி முடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போய்ச் சம்மதம் சொன்னபோது, "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று அவர் கேட்டார். "ரெண்டு பக்கமும் கேட்டாச்சு சார்," என்றார் கருத்தக்கண்ணன்.

ஐப்பசியில் அறுவை நடந்தது. மயக்கம் தெளிய நேரமானது; அதன் பிறகும் சில நாள் காய்ச்சல் அடித்தது; டாக்டர் முகம் கொடுத்துப் பேசாத ஒரு நாளும் இருந்தது. பிறகு காய்ச்சல் இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த முத்துத்தாய், ஒரு ராத்திரி முழுக்க அவரை உலுக்கவே வேண்டியிருக்கவில்லை என்று நர்ஸிடம் சொன்னாள்.

அந்த வாரம் நல்லகாமனும் சின்னச்சாமியும் பார்க்க வந்தார்கள். ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். ஆளுக்கொரு கேரியர் தனித்தனியாகக் கொண்டுவந்திருந்தார்கள். இருவரும் அதைக் கட்டில் பக்கம் நீட்டியதும் நர்ஸ் மறித்துக்கொண்டாள்.

"இவருக்குத் தண்ணியே ஸ்பூன்லதான். ரெண்டையும் வெளிய கொண்டு போங்க."

"அம்புட்டுத் தூரத்துலருந்து கொண்டாந்தோமே. இத என்னம்மா பண்றது?" என்றார் நல்லகாமன்.

"நீங்களே சாப்பிடுங்க."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெளிய மரத்தடியில உக்காருவோம், வாடா," என்றார் அண்ணன். இருவரும் கேரியர்களோடு வெளியே போனார்கள். யார் கேரியரை யார் திறந்தார்கள் என்று கருத்தக்கண்ணன் விசாரிக்கவில்லை.

நர்ஸ் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். மெதுவாக விழுங்கினார். இன்னொன்று கொடுத்தாள். மூன்றாவதை அவள் எடுக்கும்போது கையைக் காட்டி நிறுத்தினார். போதும் என்று வயிறு சொன்னது அவருக்கே கேட்டது. நினைவு தெரிந்து அவர் அதை முதல் தடவையாகக் கேட்டார்.