ஆயாக் கொட்டகையில் கிடைத்த கூரை

ரப்பர் விலை விழுந்த வருஷம் என்னைத் தோட்ட வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாலுக்காகப் பட்டையைக் கீறி மரம் வெட்டுகிறவர்களுக்குத்தான் லயத்து வரிசை வீடுகளில் அறை. வேலை போன அன்றே அறையும் போனது. என் பாயும் சட்டியும் வாசலில் கிடந்தன. துரையின் குதிரைக்கு ஓடு போட்ட கொட்டகை இருந்தது. அதுவும் மரம் வெட்டாத பிராணிதான். ஆனால் அதை யாரும் வெளியே தள்ளவில்லை.

சபையாரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். மாட்டுத் தொழுவத்து ஓரம் ஒண்டிக்கொண்டு, "அப்பா, ஒரு கூரை தாரும். ஆள் நடமாட்டம் இல்லாத இடமானால் நல்லது" என்று அழுது ஜெபித்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பெரியம்மா, எந்திரிங்க! ஈப்போ டவுனிலேருந்து வெள்ளக்கார டாக்டர் வாராரு. பிள்ளைங்களப் பாத்துக்க ஆயாக் கொட்டகை எங்கன்னு கேப்பாரு. இல்லைன்னா என் வேலை போச்சு. இன்னிக்கு ஒரு நாள் நீங்கதான் ஆயா!"

காலியாய்க் கிடந்த சாமான் அறையைக் கூட்டி, லயத்துக் குழந்தைகளை அள்ளி வந்து என் முன்னால் இறக்கினார். எல்லாம் ஒன்றாய்க் கதறின. நான் கேட்டது என்ன, ஆண்டவர் கொடுத்தது என்ன!

டாக்டர் ஏதோ கேட்டார். பயத்தில் ஒரு பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன். அது அவர் சட்டையை நனைத்தது. கிராணியாருக்கு முகம் செத்துவிட்டது. டாக்டரோ சிரித்துவிட்டுப் போனார்.

"சரி பெரியம்மா, விடிஞ்சதும் கெளம்பிருங்க" என்றார் கிராணியார்.

விடிந்தது. நான் பாயைச் சுருட்டும்போதே, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளோடு வாசலில் நின்றார்கள்.

"அது நேத்து டாக்டருக்குக் காட்டத்தான்! இன்னிக்கு ஆயா இல்ல!" என்று கிராணியார் கத்தினார்.

"அப்ப மரம் வெட்டவும் ஆள் இல்லீங்க ஐயா. நீங்களே தொட்டிலக் கட்டி ஆட்டுங்க" என்றாள் மரம் வெட்டுகிற முனியம்மா.

அவர் வாயைத் திறப்பதற்குள், அவர் மனைவியே தம் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இவனையும் சேத்துக்குங்க பெரியம்மா. அம்மியத் தவிர வீட்டுல எல்லாத்தையும் ஒடச்சிட்டான்."

கிராணியார் நடையைக் கட்டினார். அன்று மத்தியானமே ஆயா வேலையில் என் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றும் அந்தச் சாமான் அறைதான் என் வீடு. யாரோடும் பேசாதிருந்த நான் இப்போது நாள் முழுவதும் பிள்ளைகளோடு கத்துகிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

வேலையோடு வீட்டையும் இழந்து நிற்கிறவர்களே, மனிதரிடம் சொல்லக் கூச்சமானாலும் ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். பதில் சில நேரம் தவழ்ந்துகொண்டு வரும்.