ரஹ்மத் டீச்சருக்கு நான் வைத்திருந்த பதில்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னபோது நான் டீக்கடையில் இருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் ரஹ்மத் டீச்சர் மௌத்தாகிவிட்டார், அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். "சீனி பத்தலப்பா" என்று கடைக்காரரிடம் கிளாசை நீட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

டீச்சரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியபட்டினத்தில் பிறந்து, வெளியூர்க் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். கறுப்பின மக்களின் கலையும், தங்கள் வருங்காலத்தை அவர்கள் கற்பனை செய்யும் விதமும்தான் அவருடைய படிப்பு. அதற்கு ஆஃப்ரோஃப்யூச்சரிசம் என்று பெயராம். எட்டாம் வகுப்போடு நின்ற என் வாயில் அது நுழைய ஒரு மாதம் ஆனது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய புதிதில், ஒரு பொந்தம்புளி மரத்தின் பருமனைக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"மரத்துக்குச் சட்டை தைக்கப் போறீகளா டீச்சர்?"

"ஆமா காக்கா. மிச்சத் துணியில ஒங்க வாய்க்கு ஒரு உறை."

காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். அன்றோடு பழக்கமாகிவிட்டோம்.

"இது ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த மரம். அங்கன உள்ள சனத்தையும் கப்பல்ல ஏத்தி வித்தாக. பேரு போச்சு, ஊரு போச்சு. அவுக பேரப்புள்ளைக இன்னைக்கு, வானத்துல ஊரு கட்டுவோம்னு கதை எழுதுறாக, பாட்டுப் போடுறாக" என்றார்.

"அங்கனயும் ரேஷன் கார்டு கேப்பாகளா?" என்றேன்.

நம் கடற்கரைக்காரர்களின் கற்பனையையும் ஒரு புத்தகமாகச் சேர்க்க ஆசைப்பட்டார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: நூறு வருடம் கழித்து உங்கள் வீட்டு ஆள் எங்கே இருக்கும், என்ன செய்யும்? அவருக்கு ஆள் காட்டும் வேலை எனக்கு.

அதில் ஒரு குறும்பு செய்தேன். கடலுக்குப் புறப்படுகிறவனிடம் எங்கே, என்ன என்று கேட்கக் கூடாது. கேட்டால் வலையில் மீன் படாது என்பார்கள். டீச்சருக்கு அது தெரியாது. தெரிந்த நானோ, மீன்பிடிக்கப் போகும் சேகு படகைத் தள்ளும் நேரம் பார்த்து அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கேள்வியைக் கேட்டதும் சேகு கயிற்றைக் கீழே போட்டான்.

"காக்கா, ஒங்களுக்கு வயசுதான் ஏறுது, புத்தி ஏறலையே! இன்னைக்குத் தொழில் போச்சு!"

அன்று அவன் கடலுக்குப் போகவில்லை. டீச்சர் அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். என்னிடம், "தெரிஞ்சுதானே செஞ்சீக?" என்றதோடு சரி.

அதன்பிறகு, கரைக்கு வந்து வலையிலிருந்து மீன் கழிக்கும் நேரத்தில் மட்டும் கேட்டார். பதில்கள் கொட்டின. சேகுவே சொன்னான்: "எம் பேரன் கடலுக்கடியில வீடு கட்டியிருப்பான் டீச்சர். மீனெல்லாம் ஜன்னல்ல எட்டிப் பாக்கும், இவன் என்ன வெலைக்குப் போவான்னு."

நான்தான் பிடி கொடுக்கவில்லை. "எம் மவன் அப்பவும் சவூதி விசாவுக்கு நின்னுக்கிட்டு இருப்பான்" என்றேன். டீச்சர் போனில் ஓடிய ரெக்கார்டிங்கை நிறுத்தினார்.

"சிரிப்புக் காட்டி ஒளியாதீக காக்கா. வெல போட்டு விக்கப்பட்ட சனமே நாளைக்குன்னு ஒரு காலத்த நெனச்சுப் பாத்துச்சு. ஒங்களால முடியலையா?"

அதற்கு என்ன சொல்வதென்று பல நாள் யோசித்தேன்.

டீச்சர் ஆபரேஷனுக்கு மதுரை புறப்பட்ட அன்று, காரில் உட்கார்ந்தபடி, "புத்தகத்துல ஒங்க பக்கம் மட்டும் காலியாக் கெடக்கு" என்றார். பதில் தயாராகத்தான் இருந்தது.

"பொறப்படுற நேரத்துல வேணாம் டீச்சர். போயிட்டு வாங்க, வந்ததும் சொல்றேன்."

"அது சரி, சேகுகிட்ட மொறையத் தப்ப விட்டீக; இந்தத் தடவ நீங்க சொல்றதுதான் மொற" என்று சிரித்துக் கதவைச் சாத்தினார்.

மையவாடியில், குழி மூடும்போது, எல்லோரோடும் நானும் மூன்று பிடி மண் போட்டேன். கை அதன் வேலையைச் செய்தது. கூட்டம் கலைந்தபின் கப்ருப் பக்கம் நின்று சத்தமாகவே சொன்னேன்:

"டீச்சர், எம் பேத்தி மவ வானத்துல கப்பல் ஓட்டுவா. பொறப்படும்போது எங்கன போறேன்னு யாரு கேட்டாலும் நின்னு பதில் சொல்லிட்டுத்தான் போவா. சொன்ன நாளுக்குத் திரும்பி வருவா."

அவர் ஏதாவது திருப்பிச் சொல்வார் என்று, பழக்கத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கேட்டைப் பூட்ட வேண்டும் என்று ஆள் வந்தது. டீச்சருக்குச் சலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.