ரெங்கத்துக்கு எடுத்துப்போன திருத்தம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, நான் இருக்கும் தெப்ராவில் வாடகைக் கார் ஏறினேன். ரெங்கம் எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. கட்டணம் நூற்றுப் பத்து வெள்ளி, அதாவது ரிங்கிட்.

"ரெங்கத்துல சொந்தக்காரங்களாம்மா?" என்றார் ஓட்டுநர் செல்வம்.

"என்கூட ஆராய்ச்சி பண்றவ. குழந்தை பொறந்து அம்மா வீட்டுல இருக்கா."

"அப்போ சந்தோசமா போயிட்டு வாங்க லா."

சிரித்து வைத்தேன். என் பையில் இருந்தது சந்தோஷம் இல்லை.

கலைவாணியும் நானும் கனமான அணுக்கருக்களின் மோதல்களை ஆராய்பவர்கள். ஒவ்வொரு மோதலிலும் எத்தனை புரோட்டான்கள் தெறிக்கின்றன என்று எண்ணுவோம். சராசரி எங்களுக்குப் பெரிதில்லை. எண்ணிக்கை மோதலுக்கு மோதல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் எல்லாம். ஆனால் உணர்கருவி எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. நெரிசலான மோதலில் அருகருகே போகும் தடங்கள் ஒட்டிக்கொண்டு, இரண்டு ஒன்றாகத் தெரியும். கலைவாணியோ எல்லா மோதலிலும் ஒரே விகிதத்தில்தான் புரோட்டான்கள் விடுபடும் என்று வைத்துத் திருத்தியிருந்தாள். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். அப்படித் திருத்தியபோது, ஒரு குறிப்பிட்ட மோதல் ஆற்றலில் ஏற்ற இறக்கம் மேடுபோல உயர்ந்து நின்றது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடே அந்த மேட்டை நம்பித்தான் இருக்கிறது. போன வாரம் நெரிசலையும் கணக்கில் சேர்த்தேன். மேடு அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள் அமுங்கிவிட்டது. திங்கட்கிழமை அவள் ஆய்வேட்டை அனுப்ப வேண்டும்.

சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் இருபுறமும் செம்பனைத் தோட்டம். ஒன்பதரைக்கு வீடு வந்துவிட்டது, எனக்குத்தான் இறங்க மனமில்லை. கலைவாணியின் அம்மா "வாங்க வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோசை வார்க்கப் போனார்.

கலைவாணி குழந்தையைத் தோளில் போட்டபடி என் கணினியில் நான் காட்டிய புது வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"திரும்பத் திரும்பக் கணக்க ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். ஒவ்வொரு தடவையும் உன்னோட மேடு வந்துரணும்னுதான் இருந்துச்சு."

"அப்ப ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கலாம்டி. இந்தக் கருவிய வெச்சு இருக்குன்னு சொல்ல முடியாது. அவ்வளவுதான்."

"திங்கக்கெழம அனுப்ப முடியாது."

"முடியாது."

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "போன்லயே சொல்லிருக்கலாம்ல. இவ்ளோ தூரம் எதுக்கு வந்த?"

"போன்ல சொன்னா 'பரவால்ல லா'ன்னு வெச்சிருவ. நீ அழுதது எனக்குத் தெரியாமலே போயிரும்."

குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு அழுதாள். மதுரையில் எங்கள் வீட்டில் யாராவது அழுதால் அதட்டி நிறுத்திவிடுவோம். இங்கே அவள் அம்மா எட்டிப் பார்த்தார், அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான்கு மணிக்கு நான் கிளம்பியபோது வீங்கிய முகத்தோடு வாசல்வரை வந்தாள். அவளை அப்படி விட்டுவிட்டுப் போகிறோமே என்று கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நேரில் வந்தேனே என்று நிம்மதியாக இருந்தது.